‘வாடகை’ வாங்கக் கூடாத வாடகைத் தாய்: சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது? எர்ணாவூர் சொல்லும் பாடம் என்ன?

பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். முகத்துவாரம் மணல் மூடிப்போனால் ஏரியில் இறால் வரத்து குறையும். புயல் எச்சரிக்கை வந்தால் படகு இறங்காது. வலையில் மீன் இல்லாத நாளிலும் குழுக் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

ஒரு பேச்சுக்கு, இப்படி ஒரு குப்பத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்குத் தாய். சென்னையிலிருந்து தெரிந்த அக்கா ஒருவர் வருகிறார். “குழந்தை இல்லாத ஒரு குடும்பத்துக்குப் பத்து மாசம் சுமந்து கொடுத்தா போதும்மா, உன் கடனெல்லாம் தீர்ந்துடும்” என்கிறார்.

அந்தப் பெண் சரி என்று சொன்னால், அது குற்றமா? தானமா? வேலையா? இந்த ஒரு கேள்விக்குள்தான் வாடகைத் தாய் முறையின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• இந்தியாவில் காசுக்காக வாடகைத் தாய் ஆவது 2022 ஜனவரி 25 முதல் தடை. மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவை மட்டும் தரலாம்.

• தடையை மீறும் மருத்துவமனைக்கும் தரகருக்கும் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

• “இலவசமாகச் சுமக்கச் சொல்வதும் சுரண்டல்தானே?” என்று 2017-லேயே நாடாளுமன்றக் குழு ஒன்று கேட்டது.

• சிறுநீரக விவகாரத்தில் இதேபோன்ற ஒரு தடை என்ன ஆனது என்பதற்கு வடசென்னையின் எர்ணாவூர் சாட்சி.

வாடகைத் தாய் முறை என்றால் என்ன?

ஒரு தம்பதியின் கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கி, அதை வேறொரு பெண்ணின் கருப்பையில் வைப்பதுதான் இன்று நடைமுறையில் இருக்கும் முறை. சுமக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் மரபணுத் தொடர்பு இருக்காது. சுமப்பவரே தன் கருமுட்டையையும் கொடுக்கும் பழைய முறைக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை.

பண ரீதியில் இது இரண்டு வகை. சுமப்பதற்குக் கட்டணம் கொடுத்தால் அது வணிக முறை. மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டும் கொடுத்தால் அது தன்னார்வ முறை. இந்தியா இப்போது இரண்டாவதை மட்டுமே அனுமதிக்கிறது. அதாவது, நாம் இன்னும் ‘வாடகைத் தாய்’ என்றே சொல்கிறோம், ஆனால் ‘வாடகை’தான் சட்டப்படி குற்றம்.

தடை ஏன் வந்தது?

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. நாட்டின் ஆரம்பகால வாடகைத் தாய் பிரசவங்களில் ஒன்று 1994-ல் சென்னையில் நடந்தது. 2000-க்குப் பிறகு குஜராத்தின் ஆனந்த், மும்பை, சென்னை, பெங்களூரு என இது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. வெளிநாட்டுத் தம்பதிகள் வந்தார்கள். அவர்கள் நாட்டில் ஆகும் செலவில் ஒரு பகுதிதான் இங்கே ஆனது. 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. ஆனால் சட்டம் எதுவும் இல்லை.

சட்டம் இல்லாததால் என்ன ஆகும் என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டின.

2008-ல் ஒரு ஜப்பான் தம்பதிக்காக ஆனந்தில் ஒரு குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே தம்பதி விவாகரத்து வாங்கிவிட்டார்கள். குழந்தைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழில் தாய் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் குழந்தையைப் பாட்டிதான் ஜப்பானுக்கு அழைத்துப் போனார்.

2012-ல் அகமதாபாத்தில் வாடகைத் தாய் ஒருவர் எட்டாவது மாதத்தில் இறந்துபோனார். வெளிநாட்டுத் தம்பதிக்கான அந்தக் குழந்தை அறுவை சிகிச்சை மூலம் காப்பாற்றப்பட்டது. இறந்த பெண்ணுக்கும் சொந்தக் குழந்தைகள் இருந்தார்கள்.

2009-ல் சட்ட ஆணையம் தனது 228-வது அறிக்கையில் வணிக முறையைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. 2015-ல் வெளிநாட்டவருக்குக் கதவு மூடப்பட்டது. 2021 டிசம்பரில் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறி, 2022 ஜனவரி 25-ல் அமலுக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

*குழந்தை வேண்டுவோருக்கு:*

• திருமணமான இந்தியத் தம்பதி. மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55 வயது.

• ஏற்கெனவே குழந்தை இருக்கக் கூடாது. உடல் அல்லது மனக் குறைபாடு, உயிருக்கு ஆபத்தான நோய் உள்ள குழந்தை என்றால் விலக்கு உண்டு.

• கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண் என்றால் 35 முதல் 45 வயது.

• திருமணமாகாத பெண், தனி ஆண், ஒரே பாலின இணையர், சேர்ந்து வாழும் இணையர் யாருக்கும் அனுமதி இல்லை.

*சுமப்பவருக்கு:*

• 25 முதல் 35 வயது. திருமணமானவர் அல்லது திருமணமாகியிருந்தவர். சொந்தக் குழந்தை இருக்க வேண்டும்.

• வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாடகைத் தாய் ஆகலாம்.

• 36 மாதங்களுக்கு மருத்துவக் காப்பீடு. இதைத் தம்பதிதான் எடுத்துத் தர வேண்டும்.

நடைமுறையும் நீளம். மாவட்ட மருத்துவ வாரியத்திடம் மருத்துவத் தேவைக்கான சான்று வாங்க வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார் என்பதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதன்பிறகுதான் கருவை வைக்க முடியும்.

2019-ல் வந்த மசோதாவில், சுமப்பவர் தம்பதியின் நெருங்கிய உறவினராகவே இருக்க வேண்டும் என்று இருந்தது. மாநிலங்களவைத் தேர்வுக் குழு 2020 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு அது ‘விருப்பமுள்ள பெண்’ என்று மாறியது. காப்பீட்டுக் காலமும் 16 மாதத்திலிருந்து 36 மாதமாகக் கூடியது.

தமிழ்நாட்டில் இது பேசுபொருள் ஆனது எப்போது?

2022 அக்டோபரில் நடிகை நயன்தாராவும் இயக்குநர் விக்னேஷ் சிவனும் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது. சட்டம் வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால், விதிமீறல் இருக்கிறதா என்று விசாரிக்கப்படும் என அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். புதிய சட்டம் வருவதற்கு முன்பே, 2021 நவம்பரில், வாடகைத் தாயுடன் ஒப்பந்தம் போடப்பட்டிருந்ததாகவும் தம்பதி மீது விதிமீறல் இல்லை என்றும் விசாரணை அறிக்கை சொன்னது.

அந்த நாட்களில் விவாதம் முழுக்கத் தம்பதியைச் சுற்றியே நடந்தது. எப்போது கல்யாணம் ஆனது, எந்தத் தேதியில் ஒப்பந்தம் என்றெல்லாம் பேசினார்கள். பொதுவாகச் சுமக்கும் பெண்களுக்கு என்ன உரிமை, என்ன பாதுகாப்பு என்பது பேச்சில் பெரிதாக வரவே இல்லை.

காசு கொடுத்தால் என்ன தப்பு?

வணிக முறையை எதிர்ப்பவர்கள் வைக்கும் வாதம் எளிமையானது. வசதியான வீட்டுப் பெண் யாரும் காசுக்காகச் சுமக்க வர மாட்டார். வருவது எப்போதும் ஏழைப் பெண்தான். கடன் கழுத்தை நெரிக்கும்போது சொல்லும் ‘சம்மதம்’ உண்மையான சம்மதம் இல்லை. குழந்தையும் விலை பேசும் பொருளாகிவிடும்.

இதில் நியாயம் இருக்கிறது. கர்ப்பம் என்பது ஆபத்து இல்லாத வேலை இல்லை. கரு தங்குவதற்காக வாரக்கணக்கில் ஹார்மோன் மருந்து எடுக்க வேண்டும். தன்னுடையது அல்லாத கருமுட்டையில் உருவான கருவைச் சுமக்கும்போது ரத்த அழுத்தச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் கூடுதல். சிசேரியன் தழும்பு அவர் உடம்போடு நின்றுவிடும்.

காசு கொடுக்காவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா?

இங்கேதான் மறுபக்க வாதம். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு. ஆய்வகத்துக்கு உண்டு. வழக்கறிஞருக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் பிரீமியம் உண்டு. பத்து மாதம் சுமந்து, உயிரைப் பணயம் வைத்துப் பெற்றுத் தருபவருக்கு மட்டும் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் அது தொழில், அவருக்கு மட்டும் தியாகம்.

இதைச் சொன்னது ஏதோ ஒரு மருத்துவமனைச் சங்கம் மட்டும் இல்லை. நாடாளுமன்றச் சுகாதார நிலைக்குழு 2017 ஆகஸ்டில் தந்த 102-வது அறிக்கையும் இதையே சொன்னது. எந்த ஈடும் இல்லாமல் பெண் சுமக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் ஒருவகைச் சுரண்டல்தான், இழந்த வருமானம் உட்பட நியாயமான ஈட்டுத்தொகை தரலாம் என்பது அதன் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை.

இன்னொரு சிக்கல், குடும்ப நெருக்கடி. காசு வாங்கக் கூடாது என்றால் யார் முன்வருவார்கள்? பெரும்பாலும் தங்கை, நாத்தனார், ஓரகத்தி. “உனக்குத்தான் ரெண்டு புள்ள இருக்கே, அண்ணனுக்காக இதைச் செய்யக் கூடாதா?” என்று மாமியார் கேட்டால் எத்தனை மருமகளால் முடியாது என்று சொல்ல முடியும்? பணத்தின் அழுத்தம் போய் உறவின் அழுத்தம் வரும். அதற்கு ரசீதும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

எர்ணாவூரில் என்ன நடந்தது?

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே வந்தால், காட்டுப்பள்ளி, எண்ணூர் தாண்டி எர்ணாவூர். 2004 சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்கள் இங்கே சுனாமி நகரில் தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்டன. கடலை விட்டுத் தள்ளி வந்ததால் தொழில் இல்லை, கடன் ஏறியது.

2007 ஜனவரியில் ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது. அந்தக் குடியிருப்பின் பெண்கள் பலர் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். தரகர்கள் லட்சம் ரூபாய்க்கு மேல் தருவதாகச் சொல்லிவிட்டு, கையில் கொடுத்தது அதில் பாதி அளவுக்குத்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீன் கூடையைத் தூக்க முடியவில்லை, இடுப்பு வலி நிற்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அப்போது சிறுநீரக விற்பனை சட்டப்படி தடை. 1994-லேயே உறுப்பு மாற்றுச் சட்டம் வந்துவிட்டது. உறவினர் அல்லாதவர் ‘அன்பின் காரணமாக’ மட்டுமே தானம் தரலாம், அதற்கும் ஒரு அங்கீகாரக் குழு நேரில் விசாரித்து அனுமதி தர வேண்டும். காகிதத்தில் அது அருமையான விதி. நடைமுறையில், முன்பின் பார்த்திராத நோயாளி மீது அன்பு இருப்பதாகச் சொல்லத் தரகர்களே கற்றுக்கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ‘அன்பு’ என்ற ஒரு சொல்லே வியாபாரத்துக்கு வாசலானது.

அதன்பிறகு தமிழ்நாடு 2008-ல் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு தானம் பெறும் திட்டத்தை வலுவாகத் தொடங்கியது. நோயாளிக்கு மாற்று வழி ஒன்று கிடைத்தது. ஆனாலும் 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. ஊர் மாறியது, தொழில் மாறியது. கடனும் தரகரும் மாறவில்லை.

வாடகைத் தாய்ச் சட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

‘அன்பின் காரணமாக’ என்பதும் ‘விருப்பமுள்ள பெண்’ என்பதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொற்கள். இரண்டிலும் காசு இல்லை என்று காகிதம் சொல்லும். மேசைக்கு அடியில் கைமாறுவதைக் காகிதம் பார்க்காது.

வணிக முறை வெளிப்படையாக இருந்தபோது ஒப்பந்தமாவது இருந்தது. மறைமுகமாக நடந்தால் அந்தப் பெண்ணுக்கு அதுவும் இருக்காது. பேசிய தொகையைத் தரகர் தராவிட்டால் எங்கே போய்ப் புகார் சொல்வார்?

கருமுட்டை விவகாரத்தில் இது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கருமுட்டை தரும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம் என்கிறது 2021-ன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம். அது அமலுக்கு வந்த அதே 2022-ல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டது அம்பலமானது. போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். சிறுமியின் தாயே கைதானார். தனியார் மருத்துவமனைகள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. சட்டம் கேட்ட ஆவணங்கள் இருந்தன. அந்தச் சிறுமியிடம் தனியாக உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை.

அப்படியென்றால் அந்தக் குப்பத்துப் பெண்ணுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டத்தில் அவருக்குச் சாதகமாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. பலருக்கும் தெரியாதவை இவை:

• புரியும் மொழியில் சம்மதம். ஆபத்துகள், பின்விளைவுகள் எல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டு, எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

• பின்வாங்கும் உரிமை. கருவை வைப்பதற்கு முன்பு எந்த நேரத்திலும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம்.

• கட்டாயக் கருக்கலைப்பு கூடாது. தம்பதி மனம் மாறிவிட்டார்கள் என்பதற்காக அவரைக் கலைக்கச் சொல்லி வற்புறுத்த முடியாது.

• மூன்று முயற்சிக்கு மேல் இல்லை. கரு தங்கவில்லை என்று மறுபடி மறுபடி அவர் உடம்பில் முயல முடியாது.

• குழந்தையைத் தலையில் கட்ட முடியாது. குழந்தை எந்தக் குறையோடு பிறந்தாலும், பெண்ணாகப் பிறந்தாலும், தம்பதி கைவிடக் கூடாது. சட்டப்படி அது அவர்களுடைய குழந்தை.

• சட்டத்தின் அனுமானம். விதிமீறி வாடகைத் தாய் ஆக்கப்பட்டால், கணவரோ தம்பதியோ உறவினரோ அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கருதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள்தான்.

ஆக, தரகரிடம் ஏமாந்த பெண் புகார் கொடுக்கப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேர வேண்டுமே? மருத்துவ வாரியம் மாவட்டத் தலைமையில். நீதிமன்றம் வேறொரு ஊரில். தரகர் மட்டும்தான் வீட்டு வாசலுக்கே வருகிறார்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது?

சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன முக்கிய வழக்குகளில் ஒன்று, சென்னையைச் சேர்ந்த கருத்தரிப்பு மருத்துவர் அருண் முத்துவேல் தொடுத்தது. அதோடு சேர்ந்து பல மனுக்கள் விசாரணைக்கு வந்தன.

2023 மார்ச்சில், கருமுட்டையும் விந்தணுவும் தம்பதியுடையதாகவே இருக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. பிறவியிலேயே கருப்பையும் கருமுட்டையும் சரியாக வளராத பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 அக்டோபரில் அப்படியொரு பெண்ணுக்கு, தானமாகப் பெற்ற கருமுட்டையைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2024 பிப்ரவரியில் அரசே விதியைத் தளர்த்தியது. மருத்துவக் காரணம் இருந்தால் ஒன்று மட்டும் தானமாக இருக்கலாம்.

2025 அக்டோபர் 9-ல் இன்னொரு தீர்ப்பு. சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைய வைத்து நடைமுறையைத் தொடங்கிவிட்ட தம்பதிகளுக்கு வயது உச்சவரம்பு பொருந்தாது என்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு சொன்னது.

இவை எல்லாமே குழந்தைக்காக ஏங்குபவர்களுக்குக் கிடைத்த நிவாரணங்கள். அந்த ஏக்கம் சாதாரணமானது இல்லை. மூன்று முறை கரு கலைந்த பெண்ணை ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுமக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து இப்படி வழக்குகள் வருவது அபூர்வம். வழக்கறிஞர் வைக்கும் வசதி இருந்தால் அவர் ஏன் சுமக்க வரப் போகிறார்?

மற்ற நாடுகளில் எப்படி?

• பிரிட்டன்: காசுக்காகக் கூடாது, நியாயமான செலவுகள் தரலாம். பெற்றவரே சட்டப்படி தாய். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகே பெற்றோர் உரிமை மாறும். அதனால் அவர் பிரசவத்துக்குப் பிறகும் மனம் மாறலாம்.

• கலிஃபோர்னியா: கட்டணம் தரலாம். சுமப்பவருக்குத் தனி வழக்கறிஞர் கட்டாயம்.

• தாய்லாந்து: 2014-ல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த குழந்தை சுமந்த பெண்ணிடமே விடப்பட்ட சர்ச்சைக்குப் பிறகு, 2015-ல் வெளிநாட்டவருக்குத் தடை.

• இத்தாலி: முழுத் தடை. 2024 அக்டோபரில், வெளிநாடு போய்ச் செய்தாலும் குற்றம் என்று சட்டம் கடுமையாக்கப்பட்டது.

இதில் கலிஃபோர்னியாவின் ஒரு விதியைக் கவனிக்கலாம். பணம் தருவதா வேண்டாமா என்பதில் இந்தியா வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் சுமக்கும் பெண்ணுக்கென்று, தம்பதிக்கோ மருத்துவமனைக்கோ வேலை செய்யாத ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்பதற்குப் பணத் தடை குறுக்கே நிற்காது.

என்ன செய்யலாம்?

வணிக முறைக்கு மறுபடி அனுமதி கொடுத்தால், கடனில் இருக்கும் குப்பங்கள்தான் முதல் சந்தையாகும் என்ற பயம் நியாயமானது. தடையை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் என்ன ஆகும் என்பதை எர்ணாவூர் காட்டிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. இழந்த கூலிக்கு வெளிப்படையான, வங்கி வழியாகத் தரும் ஈட்டுத்தொகை. கணவர், மாமியார், தரகர் யாரும் இல்லாத அறையில் அந்தப் பெண்ணிடம் ஒரு அதிகாரி தனியாகப் பேசுவது. பிரசவம் முடிந்து 36 மாதக் காப்பீடு உண்மையில் பயன்படுகிறதா என்று கிராமச் சுகாதாரச் செவிலியர் மூலம் பின்தொடர்வது. பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில், தமிழில், அவருடைய உரிமைகளை எழுதி ஒட்டுவது. இதில் எதற்கும் சட்டத்தின் நோக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

மறுபடி அந்த 28 வயதுப் பெண்ணிடம் வருவோம். வாசலில் வந்து நிற்கும் அக்காவிடம் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மருத்துவ வாரியச் சான்று எங்கே? கோர்ட் உத்தரவு எங்கே? என் பேரில் போட்ட காப்பீடு எங்கே? இந்த மூன்றும் இல்லாமல் காசை மட்டும் பேசினால், அது தானமும் இல்லை, வேலையும் இல்லை. எர்ணாவூரில் நடந்த அதே வியாபாரம்தான்.